பிழைத்தவர்களின் கணக்கு எங்கே? நிதி, நலவாழ்வு அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக நாடுகளின் நிதி அமைச்சர்களுக்கும் நலவாழ்வு அமைச்சர்களுக்கும்,

நலவாழ்வுத் துறைக்கான ஒதுக்கீட்டை உயர்த்தியிருக்கிறோம், ஆகவே புற்றுநோயிலிருந்து இனி அதிகம் பேர் பிழைப்பார்கள் என்று எங்கள் நாட்டின் நாடாளுமன்ற அவையில் அறிவிக்கப்பட்டது. அதே நிதியாண்டில், நான் வேலை செய்யும் புற்றுநோய்ப் பதிவேட்டு அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. புதிய நோயாளிகளைப் பதிந்தால் போதும், முன்பு பதிந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிக்கும் பணிக்கு இனி நிதி கிடையாது என்றது அது. பிழைப்பார்கள் என்று வாக்குக் கொடுத்தவர்கள், பிழைத்தார்களா என்று பார்க்கும் வேலையை நிறுத்திவிட்டார்கள். என்னால் இதைப் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

எங்கள் அலுவலகத்தின் குறை மட்டும் என்றால் மேலதிகாரிக்கு எழுதியதோடு நிறுத்தியிருப்பேன். அவருக்கும் எழுதியிருக்கிறேன். ஆனால் பிற நாட்டுப் பதிவாளர்களிடம் பேசும்போதெல்லாம் இதே கதையைத்தான் கேட்கிறேன். நிதிநிலை அறிக்கையில் செலவு பெரிய எழுத்தில் வருகிறது. அந்தச் செலவால் எத்தனை பேர் நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது எந்த எழுத்திலும் வருவதில்லை. அதனால்தான் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதை நிறுத்துகிறீர்கள் என்பது தெரிய வேண்டும். ஒரு நிலப்பகுதியில் வாழும் மக்களில் யாருக்கெல்லாம் புற்றுநோய் வந்ததோ அத்தனை பேரையும் பதிவது எங்கள் பொறுப்பு. மருத்துவமனை ஏடுகள், ஆய்வகங்களின் பயாப்சி (திசு மாதிரிச் சோதனை) அறிக்கைகள், இறப்புப் பதிவுகள் மூன்றையும் எதிரெதிரே வைத்துப் பொருத்துவோம். ஒரே நோயாளியின் பெயர் மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும், வயதும் மாறியிருக்கும். அவர் ஒருவர்தான் என்று உறுதி செய்வதற்கே ஒரு முழு நாள் போவதுண்டு. அதன் பிறகு ஆண்டுதோறும் அவரைத் தேட வேண்டும். தொலைபேசி எண் மாறியிருந்தால் கடிதம், கடிதம் திரும்பி வந்தால் வீட்டு வாசல்.

சில அழைப்புகளை நோயாளியே எடுப்பார். நலமாக இருக்கிறேன் என்று அவர் சொல்லும் அந்த நொடிக்காகவே இந்த வேலையில் இருக்கிறோம் என்று என் சக ஊழியர் ஒருவர் சொல்வார். சில அழைப்புகளில் மறுமுனை கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். அப்போது நாங்கள் தேதியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு மன்னிப்புக் கோருவோம்.

இந்தத் தேடலை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் இறப்பவர்களில் பலருடைய இறப்புச் சான்றிதழில் நோயின் பெயர் இருப்பதில்லை. பல நாடுகளில் இறப்பே பதிவாவதில்லை. நாங்கள் தேடிப் போகாவிட்டால், இறந்தவர்களில் ஒரு பகுதியினர் ஏட்டில் உயிரோடு இருப்பவர்களாகவே நின்றுவிடுவார்கள். அதாவது, பின்தொடரும் பணியை வெட்டிய ஆண்டிலிருந்து உயிர்பிழைப்பு விகிதம் தாளில் உயரத் தொடங்கும். நாளை அந்த எண்ணை எடுத்துக்கொண்டு யாராவது அவையில் எழுந்து, எங்கள் ஒதுக்கீட்டின் பலன் இது என்று சொல்லக்கூடும். அப்படி ஒரு பொய்யான எண் என் மேசையிலிருந்து போவதை நான் ஏற்க மாட்டேன்.

இனி, செலவுக்கும் உயிருக்கும் உள்ள உறவைப் பற்றி. பணத்தால் பயனில்லை என்று சொல்ல நான் வரவில்லை. இந்த மடலைக் காட்டி எந்த நிதி அமைச்சராவது ஒதுக்கீட்டைக் குறைத்தால், அவர் நான் எழுதியதற்கு நேர் எதிரானதைச் செய்கிறார்.

பணம் உயிர் காக்கிறது என்பதற்குச் சான்றுகள் வலுவாகவே இருக்கின்றன. அப்போது 27 நாடுகளைக் கொண்டிருந்த ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றி 2013 இல் வெளியான ஓர் ஆய்வு, நலவாழ்வுக்கு ஆளுக்கு 2,000 டாலருக்கும் குறைவாகச் செலவிட்ட ருமேனியா, போலந்து, ஹங்கேரி போன்ற நாடுகளில் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் இறப்பதாகக் கணக்கிட்டது. 2,500 முதல் 3,500 டாலர் வரை செலவிட்ட போர்ச்சுகல், ஸ்பெயின், பிரிட்டன் போன்ற நாடுகளில் அது 40 முதல் 50 சதவீதம். 4,000 டாலரை நெருங்கிய பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியில் 40 சதவீதத்துக்கும் கீழ். ஐரோப்பாவுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு.

உலகம் முழுவதையும் பார்த்தால் பள்ளம் இன்னும் ஆழம். புற்றுநோய் உயிர்பிழைப்பை நாடுவாரியாக ஒப்பிடும் கான்கார்ட் ஆய்வின் மூன்றாம் சுற்று, 2018 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அது, 71 நாடுகளின் 322 பதிவேடுகளிலிருந்து 3 கோடியே 75 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டியது. 2010 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்ட பெண்களில், மார்பகப் புற்றுநோயிலிருந்து ஐந்தாண்டு பிழைப்பவர்கள் அமெரிக்காவில் 90.2 சதவீதம், ஆஸ்திரேலியாவில் 89.5 சதவீதம், இந்தியாவில் 66.1 சதவீதம். குழந்தைகளுக்கு வரும் கடுமையான லிம்போசைட் இரத்தப் புற்றுநோயில் ஃபின்லாந்து 95.2 சதவீதம், எக்வடோர் 49.8 சதவீதம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2010 இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், காம்பியாவில் எந்தப் புற்றுநோய்க்கும் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு 22 சதவீதத்தைத் தாண்டவில்லை.

குழந்தைகளின் எண்ணில் சற்று நில்லுங்கள். அந்த இரத்தப் புற்றுநோய்க்கான அடிப்படை மருந்துகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை: வின்கிறிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், ஸ்டீராய்டு, அஸ்பராஜினேஸ். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். இடையில் காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்துக்குள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து ஏற்ற வேண்டும். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்தால் இரத்த வங்கி கைகொடுக்க வேண்டும். மருந்து இருப்பு நடுவில் தீர்ந்துவிடக் கூடாது. பெற்றோர் வேலையை இழந்து, வாடகை கட்ட முடியாமல், பாதியில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடக் கூடாது. 95க்கும் 50க்கும் இடையில் செத்துப்போகும் குழந்தைகளில் மிகப் பலர், கண்டுபிடிக்கப்படாத மருந்துக்காகக் காத்திருந்து சாகவில்லை. இந்தச் சாதாரண ஏற்பாடுகள் இல்லாமல் சாகிறார்கள். எங்கள் ஏடுகளில் அவர்களுக்கு எதிரே இருக்கும் குறிப்பு பெரும்பாலும் ஒன்றே: சிகிச்சையைத் தொடரவில்லை.

அடிப்படை ஏற்பாடு இல்லாத நாட்டில் கூடுதல் பணம் உயிரைக் காக்கும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அடிப்படை ஏற்பாடு அமைந்துவிட்ட பிறகு என்ன ஆகிறது என்பதுதான் நிதி அமைச்சகங்கள் படிக்காமல் விடும் பகுதி.

வருமானம் மிகுந்த 22 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2022 இல் வெளியானது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அமெரிக்கா ஆண்டுக்கு 20,000 கோடி டாலருக்கு மேல், ஆளுக்குச் சுமார் 600 டாலர் செலவிட்டது. மற்ற நாடுகளின் சராசரி சுமார் 300 டாலர். இரு மடங்கு செலவு. ஆனால் இந்த 22 நாடுகளுக்குள், எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதற்கும் எத்தனை பேர் புற்றுநோயால் இறக்கிறார்கள் என்பதற்கும் தொடர்பே தென்படவில்லை. ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து, ஐஸ்லாந்து, ஜப்பான், தென் கொரியா, சுவிட்சர்லாந்து ஆகியவை அமெரிக்காவைவிடக் குறைவாகச் செலவிட்டும் குறைந்த இறப்பு விகிதத்தோடு இருந்தன. புகைப்பழக்கத்தின் வேறுபாட்டைச் சரிக்கட்டிப் பார்த்தபோது அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது.

வயிற்றுப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கார்ட் ஆய்வில் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு கொரியாவில் 68.9 சதவீதம், ஜப்பானில் 60.3 சதவீதம். ஆளுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் நலவாழ்வுச் செலவு செய்யும் அமெரிக்காவில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கொரியாவிலும் ஜப்பானிலும் இந்த நோய் அதிகம்; அதை அறிந்து, வயது வந்தோரை அரசே முறையாகக் கூப்பிட்டுப் பரிசோதிக்கிறது. கொரியாவில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை வயிற்றுப் பரிசோதனை. தன் மக்களுக்கு எது வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்பப் பணத்தை வைத்த நாடு இது. எண்ணிப் பார்க்காமல் இதைச் செய்திருக்க முடியாது.

அதே கொரியா ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 1999 இல் தொடங்கிய தேசியப் பரிசோதனைத் திட்டத்தோடு சேர்த்து, கழுத்தில் ஸ்கேன் செய்து தைராய்டு கட்டிகளைத் தேடும் வழக்கமும் மருத்துவமனைகளில் பரவியது. 2011 இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993 இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் இருந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் தைராய்டு சுரப்பியை இழந்தார்கள். பலர் காலமெல்லாம் மாத்திரையில் வாழ்கிறார்கள். ஆனால் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதத்தை மட்டும் பார்த்தால் அது மாபெரும் வெற்றியாகத் தெரியும். நோயாளி என்ற பெயரில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எப்படியும் பிழைத்திருப்பவர்கள்.

உயிர்பிழைப்பு விகிதம் நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. ஒருவர் இறக்கும் நாள் மாறாமலே, நோயை இரண்டு ஆண்டு முன்னதாகக் கண்டுபிடித்துவிட்டால், அவர் இரண்டு ஆண்டு கூடுதலாகப் பிழைத்ததாகக் கணக்கு சொல்லும். மேலே சொன்ன 2013 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆய்வும் இறப்புகளைப் புதிய நோயாளிகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்ததுதான். பரிசோதனை பெருகிய நாட்டில் நோயாளிகளின் எண்ணிக்கை கூடி, அந்த விகிதம் தானாகவே நன்றாகத் தெரியும். ஆகவே எந்த ஒற்றை எண்ணையும் நம்பாதீர்கள். புதிதாக எத்தனை பேர், நோய் எவ்வளவு முற்றிய நிலையில் கண்டறியப்பட்டார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள், மக்கள்தொகையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற நான்கையும் ஒன்றாக வைத்தால்தான் உண்மை தெரியும். அந்த நான்கையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் அலுவலகத்தைத்தான் நீங்கள் பட்டினி போடுகிறீர்கள்.

பணம் எப்போது உயிராக மாறுகிறது என்பதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் நாடு டென்மார்க். 1990களின் இறுதியில் அங்கே ஒரு சங்கடம் வெளிப்பட்டது. ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து போலவே வசதியான நாடு, எல்லோருக்கும் பொது மருத்துவம். ஆனாலும் புற்றுநோயாளிகள் அண்டை நாடுகளைவிடக் குறைவாகவே பிழைத்தார்கள். இதைக் காட்டிக்கொடுத்தவை நார்டிக் நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகள். பதிவேடு இல்லாத டென்மார்க் தன்னை நல்ல நாடு என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கும்.

2000 இல் தேசியப் புற்றுநோய்த் திட்டம் வந்தது, 2005 இல் இரண்டாவது. கதிர்வீச்சு இயந்திரங்கள் வாங்கினார்கள், அறுவை சிகிச்சைகளைக் குறைவான மருத்துவமனைகளில் குவித்தார்கள். ஆனாலும் நோயாளிகள் ஒரு பரிசோதனைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் இடையில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2007 இல் அரசும் மண்டல நிர்வாகங்களும் ஒரு முடிவுக்கு வந்தன: புற்றுநோய் என்ற ஐயம் எழுந்தாலே அதை அவசர நோயாகக் கருத வேண்டும். அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு வகைப் புற்றுநோய்க்கும் ஒரு பாதை வகுக்கப்பட்டது. குடும்ப மருத்துவர் ஐயப்பட்ட நாளிலிருந்து ஸ்கேன், பயாப்சி, மருத்துவர் குழுவின் முடிவு, சிகிச்சையின் முதல் நாள் வரை ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்தார்கள். அந்த நாள்களைக் கண்காணித்தார்கள். எடை குறைகிறது, சோர்வு, காரணம் தெரியவில்லை என்று வருபவர்களுக்கும் பின்னர் தனிப் பாதை அமைத்தார்கள். புற்றுநோய் எப்போதும் கட்டியாகவே முகம் காட்டுவதில்லை அல்லவா? அதன் பிறகு பல புற்றுநோய்களில் டென்மார்க்கின் உயிர்பிழைப்பு வேகமாக உயர்ந்து, அண்டை நாடுகளோடு இருந்த இடைவெளி பெருமளவு குறைந்தது.

டென்மார்க்கும் பணம் போட்டது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தோடு ஒரு நாள்காட்டியையும் சேர்த்துப் போட்டது. உங்கள் நிதிநிலை அறிக்கைகளில் நான் தேடிக் காணாதது அந்த நாள்காட்டி.

நாள்களைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திப் பேசுவதற்குக் காரணம், நான் பார்க்கும் ஏடுகள். ஒரு பெண்ணின் கோப்பை இப்போதும் மறக்க முடியவில்லை. மார்பில் கட்டி என்று முதலில் போன இடத்தில் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பிறகு வேறொரு மருத்துவமனை, அங்கே ஸ்கேன் எடுக்க ஒரு தேதி, ஸ்கேன் அறிக்கை வாங்க இன்னொரு தேதி. பயாப்சி எடுத்த பிறகு அதைப் பார்த்துச் சொல்ல நோயியல் மருத்துவர் இல்லை; மாதிரி வேறு நகரத்துக்குப் போயிருக்கிறது. திரும்பி வந்த அறிக்கையில் ஹார்மோன் ஏற்பிச் சோதனை இல்லை. அந்தச் சோதனை இல்லாமல், மலிவாகக் கிடைக்கும் தமாக்சிபென் மாத்திரை அவருக்குப் பலன் தருமா என்று எந்த மருத்துவராலும் தீர்மானிக்க முடியாது. சிகிச்சை தொடங்கியபோது மூன்றாம் நிலை. கோப்பில் முதல் தேதியும் கடைசித் தேதியும் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் இருந்தன. அந்த இடைவெளி முழுவதிலும் அவர் மருத்துவமனைகளில்தான் அலைந்துகொண்டிருந்தார். விழிப்புணர்வு இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. விழிப்புணர்வு விளம்பரங்களுக்கு நிதி ஒதுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

நான்கு வாரத் தாமதம் என்ன செய்யும் என்று 2020 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறக்கும் ஆபத்து 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது. மேலே சொன்ன பெண்ணுக்கு எத்தனை நான்கு வாரங்கள் போயின என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்து, செலவு என்று நீங்கள் சொல்வது யாருடைய பணம்? நாட்டின் மொத்த நலவாழ்வுச் செலவு என்ற எண்ணுக்குள் அரசு செலவிட்டதும் காப்பீடு செலவிட்டதும் மட்டும் இல்லை. நோயாளியின் குடும்பம் கையிலிருந்து கொடுத்ததும் அதற்குள்தான் இருக்கிறது. ஏழை நாடுகளில் மொத்தச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் இப்படிக் குடும்பங்களின் கையிலிருந்து போவது. ஆகவே ஒரு குடும்பம் வீட்டை விற்றுக் கீமோவுக்குக் கட்டினால் உங்கள் நாட்டின் நலவாழ்வுச் செலவு உயர்கிறது. அந்த உயர்வை உங்கள் சாதனைப் பட்டியலில் சேர்ப்பது அநீதி.

தென்கிழக்கு ஆசியாவின் எட்டு நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015 இல் வந்தது. நோய் கண்டறியப்பட்டு ஓர் ஆண்டு கழிந்தபோது 29 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 48 சதவீதம் பேர் உயிரோடு இருந்தாலும் பொருளாதாரத்தில் நொறுங்கியிருந்தார்கள். உயிரும் இருந்து, கடனில் மூழ்காமலும் இருந்தவர்கள் வெறும் 23 சதவீதம். எங்கள் தொலைபேசியில் ஒரு தந்தை சொன்னதை இங்கே எழுதுகிறேன்: குழந்தைக்குக் குணமாகிக்கொண்டு வந்தது, பணம்தான் குணமாகவில்லை. அவர் சிகிச்சையை நிறுத்தியது அறியாமையால் என்று எந்த அறிக்கையிலும் எழுதாதீர்கள். மற்ற இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டியிருந்தது அவருக்கு.

உலக சுகாதார நிறுவனம் 115 நாடுகளை ஆராய்ந்து 2024 இல் வெளியிட்ட முடிவு இதற்குப் பொருந்துகிறது. குடிமக்கள் அனைவருக்குமான அடிப்படை நலவாழ்வுச் சேவைகளுக்குள் புற்றுநோய்ச் சிகிச்சையின் அடிப்படைகளைப் போதிய அளவு சேர்த்திருந்த நாடுகள் 39 சதவீதம் மட்டுமே. அதே ஆண்டு வெளியான எண்களில் இன்னொன்று: மனித மேம்பாட்டில் (ஆயுள், கல்வி, வருமானம்) மிக உயர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும், 71 பேரில் ஒருவர் அதனால் இறப்பார். மிகத் தாழ்ந்த நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் அது கண்டறியப்படும், ஆனால் 48 பேரில் ஒருவர் இறந்துபோவார். நோய் குறைவாகவும் சாவு அதிகமாகவும் இருப்பதை எந்த அமைச்சராவது எந்த மொழியிலாவது நியாயப்படுத்த முடியுமா?

எதை வாங்குகிறீர்கள் என்பதிலும் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. புதிய கட்டடமும் புதிய இயந்திரமும் திறப்பு விழாவுக்கு ஏற்றவை. அவற்றை இயக்கும் மருத்துவ இயற்பியலாளருக்கும், பழுது பார்க்கும் ஒப்பந்தத்துக்கும், நோயியல் மருத்துவரின் சம்பளத்துக்கும் திறப்பு விழா நடத்த முடியாது. புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படும். 2016 இல் உகாண்டாவில் நாட்டுக்கே ஒன்றாக இருந்த கதிர்வீச்சு இயந்திரம் செயலிழந்தது. புதிய இயந்திரம் இயங்க ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஆனது. அதற்கிடையில் அண்டை நாட்டுக்குப் போக வசதியில்லாதவர்கள் எங்கே போயிருப்பார்கள்?

விலையுயர்ந்த மருந்துகளைப் பொறுத்தவரை, 2009 முதல் 2013 வரை ஐரோப்பாவில் புற்றுநோய்க்காக அனுமதிக்கப்பட்ட 68 மருந்துப் பயன்பாடுகளில் 39, உயிரை நீட்டுகின்றன என்பதற்கோ வாழ்க்கையைச் சற்று எளிதாக்குகின்றன என்பதற்கோ சான்றில்லாமலே சந்தைக்கு வந்தவை. உயிரை நீட்டியவற்றில் ஆதாயத்தின் நடு மதிப்பு 2.7 மாதம். அந்த மாதங்களை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்கு வேண்டும். ஆனால் முதல் நிலையில் பிடித்திருக்கக்கூடிய நோயை நான்காம் நிலை வரை வளரவிட்டு, பிறகு மிக விலையுயர்ந்த மருந்தை வாங்கி, அந்தச் செலவைப் புற்றுநோய் ஒழிப்புச் செலவு என்று காட்டுவது நிர்வாகத் தோல்வி.

ருவாண்டாவைப் பாருங்கள். 2011 இல், உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றாக இருந்தபோதே, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமியருக்கு நாடு முழுவதும் போட்டு, 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது. தடுப்பூசி நன்கொடையாகக் கிடைத்தது உண்மைதான். ஆனால் பள்ளியில் இல்லாத சிறுமியைத் தேடிப்போன ஊழியரை யாரும் நன்கொடையாகக் கொடுக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

நலவாழ்வு நிதி அறிக்கையை அவையில் வைக்கும் அதே நாளில், அதற்குப் பக்கத்திலேயே நான்கு எண்களையும் வையுங்கள்: புதிய நோயாளிகள், கண்டறியப்பட்ட நிலை, ஐந்தாண்டு உயிர்பிழைப்பு, இறப்பு விகிதம். முதன்முறை மருத்துவரைப் பார்த்ததற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் இடையே போன நாள்களையும் சேர்த்து வெளியிடுங்கள். சராசரி போதாது, ஏழைக்கு எத்தனை நாள், வசதியுள்ளவருக்கு எத்தனை நாள் என்று பிரித்துக் காட்டுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2021 இல் தொடங்கிய முன்முயற்சியின் இலக்குகள் உங்கள் முன்னால் இருக்கின்றன: 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோரை முதல் இரண்டு நிலைகளில் கண்டறிதல், 60 நாளுக்குள் நோயை உறுதி செய்தல், 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சையை முடித்தல். அவற்றைச் சட்டப்படியான உரிமையாக்குங்கள். நாள் தவறினால் நோயாளி யாரிடம் முறையிடலாம் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டும்.

செலவைச் சொல்லும்போது அரசின் பங்கைத் தனியாகவும் குடும்பங்கள் கொடுத்ததைத் தனியாகவும் சொல்லுங்கள். குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சையைப் பயணச் செலவும் தங்குமிடமும் உட்பட முழுவதும் அரசே ஏற்கட்டும். இயந்திரம் வாங்கும் கோப்பில், அதை இயக்கும் பணியிடங்களும் பத்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள். நோயியல் ஆய்வகங்களை முதலில் வலுப்படுத்துங்கள். பயாப்சி அறிக்கை தாமதமானால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே தாமதமாகும். வசதியுள்ள நாடுகளின் அமைச்சர்கள், பிற நாடுகளுக்கு அளிக்கும் உதவியில் பதிவேடுகளையும் இறப்புப் பதிவையும் சேர்க்க வேண்டும்.

எங்கள் நாட்டின் இரு அமைச்சர்களிடம் தனியாகவும் கேட்கிறேன். பின்தொடரும் பணியை நிறுத்திய சுற்றறிக்கையை இந்த நிதியாண்டு முடிவதற்குள் திரும்பப் பெறுங்கள். இறப்புப் பதிவேட்டை எங்கள் பதிவேட்டோடு நேரடியாக இணைக்க ஆணையிடுங்கள். பணி நின்றிருந்த காலத்தில் விடுபட்ட நோயாளிகளைத் தேடிப் பிடிக்கக் கூடுதல் ஊழியர்களை நியமியுங்கள். அவர்கள் தேடி முடித்து எண்கள் சரிபார்க்கப்படும் வரை, புற்றுநோய் உயிர்பிழைப்பு உயர்ந்துவிட்டது என்று அவையிலோ வெளியிலோ அறிவிக்காதீர்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பதிவேட்டின் ஊழியர் ஒருவர்